மேபலின் காருக்கு நான் ஊற்றிய எண்ணெய்

கர்க்கடகம் என்கிற ஆடிமாத மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து திருவனந்தபுரத்தில் எங்கள் மணக்காட்டு வீட்டு முற்றத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நடுவில் என் தங்கை மேபலின் கார். வெளிர்நீலம். பானெட்டின் மேல் மழைத்துளிகள் உருளாமல் அப்படியே நின்றன.

எங்கள் சபையில் ரிட்டயரான எஞ்சினியர் ஒருவர் உண்டு. சொந்தக் கார் வைத்திருந்தவர். மேபலின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எத்தனை மாசத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறாய் என்று அவளிடம் கேட்டார்.

மேபல் சிரித்தாள். "வண்டி வாங்கி ஒண்ணரை வருஷமாச்சு மாமா. இதுவரை ஒரு சொட்டு ஊத்தினதில்ல. மூடியத் தொறந்து பாத்ததுகூட இல்ல. இந்த வண்டிக்கு அதொண்ணும் வேண்டாம்."

எஞ்சினியர் இன்னொரு தடவை வண்டியைச் சுற்றி வந்தார். தன் வண்டிக்குத் தான் படுகிற பாட்டையெல்லாம் சொன்னார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, சிலருடைய கை அப்படி, இந்தப் பெண்ணுக்குக் கைராசி என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் காப்பித் தட்டோடு அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். என் வலதுகை நகங்களுக்குள் கறுப்பு இருந்தது. அன்று விடியற்காலையில்தான் அந்த வண்டிக்கு ஒரு டம்ளர் எண்ணெய் ஊற்றியிருந்தேன். முந்தின ஞாயிறும் ஊற்றினேன். அதற்கு முந்தின ஞாயிறும். ஏறக்குறைய ஒன்றரை வருஷமாக.

எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். மேபல் ஒரு வாய் குடித்துவிட்டு, "எக்கா, பஞ்சாரை குறைவு" என்றாள். எங்கள் பக்கத்தில் சீனிக்குப் பஞ்சாரை என்று பெயர். உள்ளே போய் எடுத்துவந்தேன். அடுக்களைக்குப் போய்த் திரும்பிய அந்த நடையில் முடிவு செய்தேன், இனிமேல் ஒரு சொட்டுக்கூட ஊற்றுவதில்லை என்று.

ஒரு வாசகி கேட்டது

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு சகோதரி போன மாதம் எழுதியிருந்தார். என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த பெண்களை முதல் நாள் நான் ஸ்டீரிங்கைத் தொடவே விடமாட்டேனாம். பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளவு காட்டும் ஆயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்க்கச் சொல்வேனாம். அவருடைய அம்மா என்னிடம் படித்தவராம். ஏன் அப்படி என்று கேட்டிருந்தார்.

வழக்கமாக இதற்கு ஒரு விளையாட்டுப் பதில் வைத்திருப்பேன். கார் வாங்குகிறவர்கள் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார்கள், கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், ஆயிலை மட்டும் பார்க்கமாட்டார்கள் என்பேன்.

அது பொய்யில்லை. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். தினமும் இரண்டு துணி வைத்துக் காரைப் பளபளவென்று துடைக்கிற டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் வண்டியின் ஆயில் கம்பியை உருவினால் தார் போல ஒட்டிக்கொண்டு வரும். ஒரு வக்கீல் பல வருஷமாக, சர்வீஸ் என்றால் வண்டியைக் குளிப்பாட்டுவது என்றே நினைத்திருந்தார்.

ஆனால் நான் மாணவிகளை ஆயில் பார்க்க வைத்ததற்கு நிஜமான காரணம் வேறு. அதைச் சொன்னால் என் குணமும் வெளியே வரும். வரட்டும்.

லாரியில் யார் எங்கே உட்கார்ந்தோம்

எங்கள் அப்பா பொன்முடி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். எனக்கும் மேபலுக்கும் ஐந்து வயது வித்தியாசம். பள்ளி விடுமுறைக்கு அம்மாவின் ஊரான மார்த்தாண்டத்துக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த லாரிதான்.

மலைப்பாதை திரும்பத் திரும்ப வளைந்து போகும். இரண்டாவது வளைவிலேயே மேபலுக்கு வாந்தி வந்துவிடும். அதனால் அவளையும் அம்மாவையும் அப்பா பின்னால் ஏற்றிவிடுவார். அங்கே காற்றுப் படும். தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, நாரத்தை இலையை முகர்ந்தபடி அவள் சுருண்டு கிடப்பாள்.

எனக்கு எதுவும் செய்யாது. நான் முன்னால், அப்பா பக்கத்தில். கியர் விழுகிற சத்தத்தைக் கேட்டே அடுத்த வளைவு எவ்வளவு செங்குத்து என்று சொல்வேன். காலையில் புறப்படுமுன் அவர் ஆயில் பார்ப்பதை நூறு தடவையாவது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. நான் விடாமல் பார்த்தேன், அவ்வளவுதான்.

பெரியவளானதும் லாரி ஓட்டுவேன் என்று ஒருநாள் சொன்னேன். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் பதிலும் இல்லை.

எனக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. என் கணவர் செல்லையா கிழக்கேகோட்டையில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தார். தங்கமான மனிதர். அதிகாலை மூன்று மணிக்குப் போனால் பத்து மணிக்கு, சட்டையெல்லாம் ரொட்டி வாசனையோடு வருவார். எங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது.

மேபல் படித்தாள், டீச்சரானாள். அவளைக் கட்டிய ஜான்சன் பெர்ஷியாவுக்குப் போனார். வளைகுடாவில் எந்த நாடாக இருந்தாலும் அந்தக் காலத்தில் எங்களுக்கு அது பெர்ஷியாதான். முதல் லீவில் வந்தபோது ஒரு டாக்டரின் பழைய காரை வாங்கி மேபலிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்ன கார் என்று நான் எழுதப்போவதில்லை. வண்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்தவளுக்குக் கார் கிடைத்தது. இதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தினமும் பாத்திரம் தேய்க்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆணியில் தொங்கிய சாவி

மேபலின் மாமியார் வீடு பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம். அங்கே கார் போகாது. எங்கள் வாடகை வீட்டுக்கு முன்பு யாரோ மாட்டுவண்டி வைத்திருந்ததால் அகலமான கேட்டும் முற்றமும் இருந்தன. ஆகவே கார் எங்கள் வீட்டில் நின்றது.

மேபல் காலையில் ஏழரை மணிக்கு நடந்து வருவாள். கதவோரத்து ஆணியிலிருந்து சாவியை எடுப்பாள். கைப்பையைப் பக்கத்து சீட்டில் போட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியை எடுப்பாள். தெருவே நின்று பார்க்கும். கார் ஓட்டுகிற பெண்கள் அப்போது திருவனந்தபுரத்தில் அபூர்வம். பால்காரர் சைக்கிளை ஓரங்கட்டி வழிவிடுவார். என் மகள் பீனா கேட்டின் மேல் ஏறி நின்று கையாட்டுவாள்.

நான் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். கார் போனபிறகு டயர் தடத்தையும் சேர்த்துப் பெருக்குவேன்.

ஒருமுறை, எனக்கும் ஓட்டச் சொல்லித் தருவாயா என்று கேட்டேன். "இந்த வயசில உனக்கு எதுக்கு எக்கா?" என்றாள். எனக்கு அப்போது முப்பத்து நான்கு.

கார் வந்த முதல் மாதமே என் காதுக்கு அதன் சத்தம் சரியாகப் படவில்லை. ஒரு விடியற்காலையில் சாவியை எடுத்து, உள்ளே கையை விட்டு நெம்பி, பானெட்டைத் திறந்தேன். ஆயில் கம்பியை உருவித் துடைத்தேன். மறுபடி நுழைத்து எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே எண்ணெய் இருந்தது. அதுவும் அடுப்புக்கரி நிறத்தில்.

அன்றே மேபலிடம் சொன்னேன். பழைய என்ஜின், எண்ணெய் குடிக்கும், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும், ஒருதடவை முழுதாக மாற்றவும் வேண்டும் என்றேன். அவள் கைப்பையில் எதையோ தேடியபடி கேட்டாள். கடைசியில், "அப்பா ஓட்டினது லாரி எக்கா. இது காரு" என்றாள்.

ஐந்து மணி முதல் ஆறு மணி வரை

பழவங்காடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் சில்லறையாக என்ஜின் ஆயில் கொடுப்பார்கள். தையலில் வந்த காசில் வாங்கினேன். ஜான்சன் பெர்ஷியாவிலிருந்து கொண்டுவந்த சர்பத் பாட்டில் ஒன்றை மேபல் எனக்குத் தந்திருந்தாள். கழுத்து நீண்ட பச்சை பாட்டில். காலியானதும் அதில்தான் எண்ணெயை ஊற்றி, அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

மேபல் பள்ளிப் பிள்ளைகளோடு மூன்று நாள் சுற்றுலா போயிருந்தபோது முழு எண்ணெயையும் மாற்றினேன். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்து, செல்லையாவின் சைக்கிள் ஸ்பேனர் சேராமல், கடைக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்பேனரால் அடி நட்டைக் கழற்றினேன். துவைக்கிற பேசினில் கறுப்பாக விழுந்தது. நாற்றம் இரண்டு நாள் தலைமுடியில் இருந்தது.

இதைத் தங்கை மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் செய்தது பொறாமையில். அவளால் பார்க்கத் தெரியாததை நான் பார்க்கிறேன் என்ற மிதப்பு. விடியற்காலை ஐந்திலிருந்து ஆறுவரை அந்தக் கார் என்னுடையது. எண்ணெய் ஊற்றி முடித்ததும் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்காருவேன். சாவியைப் போடமாட்டேன். ஸ்டீரிங்கில் கையை வைத்துக்கொண்டு, காக்கை கரையும்வரை சும்மா இருப்பேன்.

செல்லையாவுக்குத் தெரியும். ஒருநாள் என் கையைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். நீ செய்யுதது நல்ல காரியந்தான், ஆனா நல்ல மனசோட செய்யல்லை என்றார். அவர் சொன்னது எனக்கு ஆத்திரமாக இருந்தது, சரியாக இருந்ததால்.

ஏழு வாரம்

கைராசி என்று எஞ்சினியர் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் பானெட்டைத் திறக்கவில்லை. பாட்டிலில் பாதி எண்ணெய் மிச்சம் இருந்தது. அது அரிசிப் பெட்டிக்குப் பின்னாலேயே கிடந்தது.

ஆனால் காது கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாம் வாரம் ஸ்டார்ட் செய்ததும் ஒரு டிக் டிக். ஐந்தாம் வாரம் அது தெருமுனைவரை கேட்டது. மேபல் ரேடியோ கேட்கிறவள்போல ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டிப் போனாள். நான் பெருக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். சொல்லக்கூடாத ஒரு திருப்தி நெஞ்சுக்குள் இளஞ்சூடாகப் பரவும். உடனே பயமும் வரும். இரண்டும் சேர்ந்தேதான் வந்தன.

ஒருநாள் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். எண்ணெய் குறைந்தால் எரிகிற சிவப்பு லைட்டின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள். கண்ணைக் கூசியிருக்க வேண்டும்.

ஓணத்தை ஒட்டி ஜான்சன் லீவில் வந்தார். அவரைப் பொன்முடிக்குக் கூட்டிப்போக வேண்டும், தானே ஓட்ட வேண்டும் என்று மேபலுக்கு ஆசை. அவர்களுக்கு அப்போது குழந்தை இல்லை. பீனாவையும் அனுப்பு என்று முந்தின நாள் வந்து கேட்டாள். பீனாவுக்கு ஒன்பது வயது. மலையையே பார்த்திராதவள். சரி என்றேன்.

புறப்பட்ட காலை

அன்று ஐந்து மணிக்கு என்னால் படுத்திருக்க முடியவில்லை. ஏழு வாரத்துக்குப் பிறகு பானெட்டைத் திறந்தேன். ஆயில் கம்பியின் நுனியில் மட்டும் கறுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. மேடு ஏறும்போது அந்தக் கொஞ்சமும் ஒருபக்கம் ஒதுங்கிவிடும், என்ஜின் காய்ந்து இறுகிவிடும். அப்பாவின் லாரியைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை.

உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்தேன். பாதிதான் இருந்தது, ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது பெரிது. முற்றத்துக்கு வந்தபோது கேட் திறக்கிற சத்தம். மேபலும் ஜான்சனும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். பானெட்டைச் சாத்திவிட்டுப் பாட்டிலைச் சேலை மடிப்புக்குள் மறைத்தேன்.

ஜான்சன் நல்லவர். வண்டியை இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்லி, சோப்பும் ஒரு சேலைத்துணியும் தந்தார். பிறகு, "பின்சீட்டில இடம் கிடக்கே மைனி, நீங்களும் வாங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேபல் சொன்னாள். "அக்காவுக்கு மலை ஆகாது. சின்னதிலேயே ரெண்டாவது வளைவுல வாந்தியெடுப்பா. பின்னால தார்ப்பாய்க்குள்ளதான் படுத்திருப்பா. நான்தான் முன்னால, அப்பா பக்கத்துல."

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். ஜான்சன் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

கார் அவளுடையதாக இருக்கட்டும் என்று ஒருமாதிரி பழகியிருந்தேன். கைராசியும் அவளுடையதாகப் போகட்டும். ஆனால் அந்த முன்சீட்டு என்னுடையது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்த ஒரே உயரமான இடம் அதுதான். அதையும் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போய்ப் பாட்டிலை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். திரும்பி வந்தபோது பீனா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். புதுப் பாவாடை, தலையில் ரிப்பன். ஜன்னலை இறக்கிக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன்.

என் பிள்ளை உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தே கையாட்டினேன். இதை எழுத இத்தனை வருஷம் ஆயிற்று.

வளைவில்

டிக் டிக் சத்தம் தெருமுனையில் மறைந்தது. பெருக்க ஆரம்பித்தேன், முடியவில்லை. அடுப்பில் வைத்த கஞ்சியை இறக்கிவிட்டு, பாட்டிலை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு கிழக்கேகோட்டைக்கு ஓடினேன். நெடுமங்காடு வழியாக விதுரைக்குப் போகிற பஸ் கிடைத்தது. அவ்வளவு நேரமும் மடியில் பாட்டிலைப் பிடித்தபடி, எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே போனேன்.

விதுரையிலிருந்து மேலே பஸ் உடனே இல்லை. எஸ்டேட் லாரி ஒன்று நின்றது. அப்பாவின் பெயரைச் சொன்னேன். டிரைவர் அவரைக் கேள்விப்பட்டிருந்தார், ஏற்றிக்கொண்டார்.

மலையடிவாரத்து ஆற்றைத் தாண்டி ஏழெட்டு வளைவுகள் ஏறியதும் மூடுபனிக்குள் வெளிர்நீலம் தெரிந்தது. கார் பின்பக்கமாக உருண்டு, மலைப்பக்கத்துச் சாக்கடைச் சுவரில் மோதி நின்றிருந்தது. மறுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் உருண்டிருந்தாலும் உருண்டிருக்கலாம்.

பீனா கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மோவாய் கிழிந்து, ரத்தம் காய்ந்த கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும்தான் அழ ஆரம்பித்தாள். பக்கத்தில் மேபல், தலை கலைந்து, ஒற்றைச் செருப்போடு. ஜான்சன் ஆள் கொண்டுவர மேலே நடந்து போயிருந்தார். திடீரென்று என்ஜின் இறுகி நின்றுவிட்டது, பிறகு வண்டி பின்னால் போக ஆரம்பித்தது, அவர்தான் கைப்பிரேக்கை இழுத்து ஸ்டீரிங்கைச் சுவர்ப்பக்கம் ஒடித்தார் என்று மேபல் சொன்னாள்.

பீனாவை அணைக்கிறபோது துணி விலகி, என் கையிலிருந்த பச்சை பாட்டில் தெரிந்தது.

மேபல் பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்தாள். "இது நான் தந்த சர்பத் பாட்டிலில்லா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றரை வருஷம் ஊற்றியதை, ஏழு வாரம் நிறுத்தியதை, காலையில் கையில் வைத்துக்கொண்டே பேசாமல் இருந்ததை. பீனா கேட்டுக்கொண்டிருந்தாள். இருந்தும் சொன்னேன்.

மேபல் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினாள். "ஊத்துறேன்னு ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாமே" என்றாள்.

"பறஞ்சா நீ சிரிச்சிருப்பே."

"சிரிச்சிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அப்பா என்னை ஒரு நாளும் முன்னால ஏத்தினதில்ல எக்கா. நீங்க ரெண்டு பேரும் பேசிச் சிரிக்கது பின்னால கேக்கும். என்ன பேசுதீங்கன்னு கேக்காது. நீ இன்னைக்கு வந்திருந்தா எங்க வீட்டுக்காரருகிட்ட கியரு, வளைவுன்னு பேசியே வருவே. நான் மறுபடியும் பின்னாலயாயிருவேன்."

எனக்கு அழுகை வரவில்லை. ஆச்சரியமாக இருந்தது. அவள் பொறாமைப்படுகிற ஒன்று என்னிடம் இருந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஜான்சன் இரண்டு ஆட்களோடு இறங்கி வந்தார். மைனி எப்படி இங்கே என்று கேட்டார். மேபல் பாட்டிலைத் தன் கைப்பைக்குள் திணித்திருந்தாள். "பீனாவை விட்டுட்டு இருக்க முடியாம பின்னாலயே வந்திருக்கா" என்றாள்.

அவள் என்னைக் காப்பாற்றினாள். ஆனால் அதற்குப் பிறகு மலை இறங்கும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு நடந்தது

பீனாவின் மோவாயில் நான்கு தையல். தழும்பு இப்போதும் இருக்கிறது. அவளுக்குக் கல்யாணம் பேசியபோது பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள், சின்ன வயதில் விழுந்தாள் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அன்றும் இன்றும் அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். என்ஜினைப் பிரித்த மெக்கானிக், இதற்குள் எண்ணெய் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை என்றாராம். ஜான்சன் அதை விற்ற டாக்டரைத் திட்டினார். மேபல் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை.

வண்டி சரியாகி வந்தபோது அது எங்கள் முற்றத்துக்கு வரவில்லை. கரமனையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மேபலும் வரவில்லை. சபையில் பார்த்தால் தலையசைப்பாள். ஆணி வெறுமனே இருந்தது. அந்த ஷெட்டின் சொந்தக்காரர் யாரென்று தெரியாத எனக்கு அவர்மேலும் பொறாமை வந்தது.

அந்த வருஷத்தில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். செல்லையா பேக்கரியில் முன்பணம் வாங்கித் தந்தார். டிரைவிங் ஸ்கூலில் ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான். இரண்டாம் தடவையில் லைசென்ஸ் கிடைத்தது. அந்தக் கதையைப் போன வாரங்களில் எழுதிவிட்டேன். அதில் ஒன்றை மட்டும் விட்டிருந்தேன். லைசென்ஸ் கையில் வந்த அன்று முதலில் யாரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியதோ, அவளிடம் காட்ட முடியவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ் நெரிசலில் நின்றது. நான் ஜன்னலோரம். எதிரே பெட்ரோல் பங்கில் அந்த வெளிர்நீலக் கார் நின்றிருந்தது. பானெட் திறந்திருந்தது. மேபல் குனிந்து ஆயில் கம்பியை உருவினாள். பழந்துணியால் துடைத்தாள். மறுபடி நுழைத்து எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பங்கில் வேலை செய்கிறவர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அவள் காரை ஓட்டியபோதெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அன்று வந்ததைப் போல் ஒருபோதும் வந்ததில்லை. எனக்கு மட்டும் தெரிந்திருந்த ஒன்றை அவளும் தெரிந்துகொண்டுவிட்டாள். என்னிடம் கேட்காமலே.

பஸ் நகர்வதற்குள் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது. சேற்றைத் தாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

மேபல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கன்னத்தில் ஒரு கோடு கறுப்பு. கம்பியை என்னிடம் நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டுக்குச் சரியாக, தேன் நிறத்தில் இருந்தது. மாற்றி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தப்பு ஏதாவது கண்டுபிடித்துச் சொல்ல மாட்டேனா என்று எனக்கே இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"கொள்ளாம்" என்றேன்.

நன்றாக இருக்கிறது என்று பொருள். நான்கெழுத்து நாவில் வருவதற்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

மேபல் கம்பியை வாங்கி நுழைத்து, பானெட்டை இறக்கிச் சாத்தினாள். "கை அழுக்காயிட்டு, இந்தா" என்று துணியின் சுத்தமான முனையை என் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.